ஏல ஆப்பைச் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாக உடைக்கலாமா?

மண்டபம்_நிரலர்:
மண்டபம், பாம்பன் பக்கம் இறால் வியாபாரிகளுக்காக நானும் நண்பரும் ஒரு ஆப் நடத்துகிறோம். ஏலப் பதிவு, டீசல், ஐஸ், முன்பணம் கழித்துப் படகுக்காரர் கணக்கு, காற்று எச்சரிக்கை எஸ்எம்எஸ் எல்லாம் ஒரே நிரல், ஒரே சர்வர். கணக்கில் ஒரு வரி மாற்றினாலும் மொத்தத்தையும் மறுபடி டிப்ளாய் செய்ய (சர்வரில் ஏற்றி ஓடவிட) வேண்டும் என்பதால் ஏலம் நடக்கும் நேரத்தில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, சும்மா கிடக்கிற சர்வருக்கும் வாடகை போகிறது. எல்லாவற்றையும் தனித்தனி லாம்டா ஃபங்ஷனாக (அமேசான் கிளவுடில், அழைத்தால் மட்டும் ஓடும் சிறு நிரல்) ஆக்கிவிடலாமா?

தொண்டிக்காரன்:
தம்பி, ஏலம், கணக்கு, எஸ்எம்எஸ் மூன்றும் டேட்டாபேஸில் ஒரே டேபிளைத் தொட்டால் அது பிரிந்ததாகவே ஆகாது. ஏல டேபிளில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை மாற்றுங்கள், கணக்கு உடனே விழும், அப்புறம் இரண்டையும் சேர்த்துத்தான் டிப்ளாய் செய்ய வேண்டியிருக்கும். முதலில் இருக்கிற நிரலுக்குள்ளேயே எல்லை போடுங்கள்: கணக்கு, ஏல டேபிளை நேராகப் படிக்கக் கூடாது, ஏலப் பகுதி தருகிற ஃபங்ஷனிடம் கேட்டு வாங்கட்டும். வெளியே எடுப்பதென்றால் எஸ்எம்எஸ்ஸை எடுங்கள். காற்று எச்சரிக்கை வந்தால் எல்லோருக்கும் ஒரேயடியாகப் போக வேண்டும், மற்ற நேரம் அதற்கு வேலையே இல்லை, ஓடுகிற நேரத்துக்கு மட்டும் காசு வாங்கும் லாம்டாவுக்கு அதுதான் பொருத்தம்.

கீழக்கரை_டெவ்:
அண்ணன் சொல்வது சரி. 2023-இல் அமேசானின் பிரைம் வீடியோவில் ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைத் துண்டுகளிலிருந்து ஒரே நிரலுக்குக் கொண்டுவந்தார்கள், செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. (அந்த ஒரு கருவி மட்டும்தான், மொத்த பிரைம் வீடியோவும் அல்ல, பலர் தப்பாகச் சொல்கிறார்கள்.) துண்டுகளுக்கு இடையே வீடியோவின் படங்களை ஓயாமல் சேமிப்பில் போட்டு, திரும்ப எடுத்ததற்கே நிறையப் பணம் கரைந்திருக்கிறது. உங்கள் ஏலமும் கணக்கும் ஒரே டிரான்சாக்ஷனில் (இரண்டும் பதிவாகும், இல்லை இரண்டுமே பதிவாகாது) முடிய வேண்டியவை. பிரித்த பிறகு ஒன்று எழுதி மற்றொன்று தோற்றால் படகுக்காரருக்குக் காசு குறையும், கடலுக்குப் போய் வந்தவர் பணம் அது, அந்த இரண்டையும் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

மண்டபம்_நிரலர்:
புரிகிறது, எஸ்எம்எஸ் மட்டும் எடுக்கிறேன். ஏல நேரத்து டிப்ளாய்க்கு என்ன வழி?

தொண்டிக்காரன்:
பழையது ஓடும்போதே பக்கத்தில் புதியதை எழுப்பி, சோதித்த பிறகு போன்களிலிருந்து வரும் டிராஃபிக்கை அதற்குத் திருப்புங்கள். பாம்பனில் சிக்னல் விட்டு விட்டு வந்தால் போன் அதே பதிவைத் திரும்ப அனுப்பும், அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் கொடுத்து, அந்த எண் மறுபடி வந்தால் சர்வர் விட்டுவிடட்டும். எஸ்எம்எஸ்ஸுக்கும் இதே மாதிரி தனி எண் வேண்டும், இல்லையென்றால் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்பப் போகலாம். ஏனென்றால், பதிலுக்குக் காத்திராமல் பின்னணியில் அழைத்த ஃபங்ஷன் தோற்றால் லாம்டா தானாகவே இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கும்.