30 வயதில் ஐஏஎஸ் சேர்ந்தால் டெல்லியில் செயலாளர் ஆக முடியுமா?

வைகைக்கரை (கேள்வி):
என் தங்கைக்கு இந்த முறை ஐஏஎஸ் கிடைத்திருக்கிறது. சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதியதால் முசோரிக்குப் பயிற்சிக்குப் போகும்போதே வயது 30 ஆகிவிடும். டெல்லியில் ஒரு அமைச்சகத்துக்குச் செயலாளர் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் மாமாவோ, கொஞ்ச வருடம் கலெக்டராக இருந்துவிட்டு அரசியலுக்குப் போனால் துணை அமைச்சராவது ஆகலாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைப்பக்கம்:
முதலில் தங்கைக்கு வாழ்த்துகள். ஆனால் கணக்கை இப்போதே பார்த்துவிடுங்கள், ஓய்வு வயது 60, அதாவது அவருக்குக் கிடைப்பது 30 வருட சர்வீஸ். மத்திய அரசில் இணைச் செயலாளர் பதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் சேர்க்கப் பேரைப் பார்ப்பதே சுமார் 16 வருடம் கழித்துத்தான், கூடுதல் செயலாளருக்கு 25 தாண்டவேண்டும், செயலாளர் பட்டியலில் வருகிறவர்கள் இப்போது 30 வருடத்தைத் தாண்டியவர்கள். அந்தக் கதவு திறக்கும் நேரத்தில் தங்கை ஓய்வு பெற்றிருப்பார். திறமைக் குறைவு இல்லை, சேர்ந்த வயதுதான் காரணம், இதை எந்தக் கோச்சிங் சென்டரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். டி.வி. சோமநாதனைப் பாருங்கள், தமிழ்நாடு கேடர் (பணிக்கு ஒதுக்கப்பட்ட மாநிலம்), 1987 பேட்ச் (அந்த வருடம் சேர்ந்தவர்), 22 வயதில் உள்ளே வந்தவர், 2024 ஆகஸ்டில் மத்திய அரசு அதிகாரிகளில் உச்சப் பதவியான அமைச்சரவைச் செயலாளர் ஆனபோது வயது 59.

மாநிலத்திலும் இதே கதைதான். 25 வருடத்தை ஒட்டி முதன்மைச் செயலாளர், 30-ஐ ஒட்டி கூடுதல் தலைமைச் செயலாளர். 2024-ல் தலைமைச் செயலாளரான முருகானந்தம் 1991 பேட்ச்.

தென்பாண்டியன்:
கோட்டைப்பக்கம் அண்ணன் சொன்னது சரி, ஆனால் இணைச் செயலாளர் என்பது சின்ன நாற்காலி இல்லை. ஒரு திட்டத்துக்கு அமைச்சரவைக் குறிப்பு தயாராவது அந்த மேசையில்தான், அதை மற்ற அமைச்சகங்களுக்குச் சுற்றுக்கு விட்டு, நிதித்துறை கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, அப்புறம்தான் அது மேலே போகும். தங்கை அங்கே போக விரும்பினால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2007 பேட்சிலிருந்து, துணைச் செயலாளர் அல்லது இயக்குநர் நிலையில் மத்தியில் 2 வருடம் வேலை பார்த்திருந்தால்தான் இணைச் செயலாளர் பட்டியலுக்கே எடுத்துக்கொள்வார்கள். மாவட்டத்தில் திங்கள்கிழமை மனு வாங்குகிற வேலை மனசுக்குப் பிடித்துப்போய், டெல்லி டெபுடேஷனை (மாநிலத்திலிருந்து மத்திய அரசுப் பணிக்குச் சில வருடம் போவது) தள்ளிப்போட்டவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்பதாம் வருடம் வாக்கிலேயே விருப்பம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை வாசகி:
மாமா சொல்வதற்கு என் பதில். மத்தியில் துணை அமைச்சர் பதவி இப்போது நடைமுறையில் இல்லை, இணை அமைச்சர்தான். நம் பக்கத்திலிருந்து முன்பு துணை அமைச்சராக இருந்தவர் என்றால் காந்திகிராமம் சௌந்தரம் ராமச்சந்திரன், 1962-ல் திண்டுக்கல்லில் ஜெயித்து கல்வித்துறை துணை அமைச்சர் ஆனார், அவர் அதிகாரி இல்லை, டாக்டர்.

அதிகாரியாக இருந்து அமைச்சரானவர்கள் உண்டு. ஆர்.கே. சிங் உள்துறைச் செயலாளர் வரை போய் ஓய்வு பெற்று, 2014-ல் எம்பி, 2017-ல் இணை அமைச்சர். அஸ்வினி வைஷ்ணவ் 1994 பேட்ச், 2010-ல் வேலையை விட்டார், 2021-ல் அமைச்சர். நம் சசிகாந்த் செந்தில் கர்நாடகாவில் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது 2019-ல் ராஜினாமா செய்தார், 2024-ல் திருவள்ளூர் எம்பி. மூன்று பேருக்கும் மூன்று வழி, எதற்கும் சீனியாரிட்டி பட்டியல் கிடையாது, சீட்டு கட்சியின் கையில். அதை நம்பி 30 வயதில் கிடைத்த சர்வீஸைப் பாதியில் விடச் சொல்லாதீர்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் காட்டினேன். அந்த 2 வருட விதியைப் பற்றி அவளுக்குத் தெரியவே தெரியாது. வடகிழக்கு மாநிலக் கேடர் கிடைத்தால் அதில் ஏதாவது சலுகை உண்டா என்று கேட்கிறாள், யாராவது சொல்ல முடியுமா?