டெக்சாஸ் 1836: விடுதலைப் போரா, அடிமை வைத்திருந்தவர்களின் கலகமா?

ஹூஸ்டன்வாசி:
வேறோர் இழையில் ஒருவர், "டெக்சாஸ் விடுதலைப் போர் என்பதே கட்டுக்கதை, அடிமை முறையைக் காப்பாற்ற நடந்த நிலக்கொள்ளை அது" என்று இரண்டு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த குடியேறிகள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் அல்லர். அன்று டெக்சாஸ் மெக்சிகோவின் ஒரு பகுதி. 1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற மெக்சிகோவுக்கு இந்த வடக்கு எல்லையில் ஆள் தேவைப்பட்டது. கொமான்சே பழங்குடியினரின் தாக்குதலைத் தடுக்க அங்கே போதுமான படை இல்லை. ஸ்டீபன் ஆஸ்டின் 300 குடும்பங்களை அழைத்துவர அரசே அனுமதி கொடுத்தது. மாடு வளர்க்கும் குடும்பத்துக்கு 4,428 ஏக்கர், உழவுக்கு இன்னொரு 177 ஏக்கர். அமெரிக்க அரசு நிலம் அன்று ஏக்கர் ஒன்றேகால் டாலர். இங்கோ பெயருக்குக் கொஞ்சம் கட்டணம். பதிலுக்கு மெக்சிகோ குடிமக்கள் ஆக வேண்டும், கத்தோலிக்கர் ஆக வேண்டும். சரி என்றுதான் வந்தார்கள்.

அவர்கள் விசுவாசம் காட்டியது மாநிலங்களுக்கு உரிமை கொடுத்த மெக்சிகோவின் 1824 அரசியலமைப்புக்கு. அதைக் குப்பையில் போட்டவர் மெக்சிகோ குடியரசுத் தலைவர் சாந்தா அன்னா. எதிர்த்த சகத்தேகாஸ் மாநிலத்தை 1835 மே மாதம் படையோடு போய் நசுக்கினார், நகரம் சூறையாடப்பட்டது. அடுத்தது நாம்தான் என்று டெக்சாஸ்காரர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

தாமிரபரணிக்காரி:
கதையை 1835-இல் தொடங்கினால் உங்கள் ஆட்கள் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். பத்து வருடம் பின்னால் போங்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவின் தென் மாநிலத்தவர்கள். பருத்தி போட வந்தார்கள், அடிமைகளையும் கூடவே கொண்டு வந்தார்கள். டெக்சாஸ் அன்று சேர்ந்திருந்த கோவாவிலா-தெஹாஸ் மாநிலத்தின் 1827 அரசியலமைப்பு புதிதாக அடிமைகளைக் கொண்டுவரத் தடை போட்டது. இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்றது. உடனே என்ன செய்தார்கள்? எல்லை தாண்டும் முன் அடிமையிடம் 99 வருட வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இவன் கூலியாள்" என்று அழைத்து வந்தார்கள். 1832-இல் அந்த ஒப்பந்தங்களுக்கும் பத்து வருட உச்சவரம்பு வந்தது. 1829-இல் குடியரசுத் தலைவர் கெரேரோ அடிமை முறையையே ஒழித்தபோது, சில மாதங்களுக்குள் டெக்சாஸுக்கு மட்டும் விலக்கு வாங்கினார்கள். இத்தனை பாடும் எதற்காக?

ஹூஸ்டன்வாசி:
விலக்குத்தான் கிடைத்துவிட்டதே! அப்புறம் எதற்குப் போர்? அடிமை முறைதான் காரணம் என்றால் 1829-இலேயே துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும். சகத்தேகாஸில் பருத்தித் தோட்டமா இருந்தது? டெக்சாஸ் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நவாரோ, ருயீஸ் இருவரும் சான் அந்தோனியோ மண்ணில் பிறந்தவர்கள். இடைக்காலத் துணைத் தலைவர் லொரென்சோ தே சவாலா மெக்சிகோ அமைச்சராக இருந்தவர். இவர்களும் லூயிசியானா தோட்ட முதலாளிகளா?

எல்லைக்கோடு:
இரண்டு பேருமே ஒரே காரணத்தைத் தேடுகிறீர்கள். கலகம் எப்படிப் போராக வளர்ந்தது என்று வரிசையாகப் பார்த்தால் இருவருக்கும் சங்கடம்.

1826 கடைசியில் கிழக்கு டெக்சாஸின் நாகொடோச்சஸில் ஹேடன் எட்வர்ட்ஸ் என்ற குடியேறி நிலத் தகராறு முற்றி 'ஃப்ரெடோனியா குடியரசு' அறிவித்தார். அதை அடக்கப் போன மெக்சிகோ படையோடு சேர்ந்து போனது யார் தெரியுமா? ஆஸ்டினின் குடியேறிப் படை! அதாவது அன்று பெரும்பான்மைக் குடியேறிகள் அரசின் பக்கம்.

அந்தக் கலகம் மெக்சிகோவைப் பயமுறுத்தியது. எல்லையைப் பார்வையிட வந்த தளபதி மியேர் இ தெரான், இங்கே அமெரிக்கர்கள் நம்மவரை மிஞ்சிவிட்டார்கள் என்று எச்சரித்தார். விளைவு, 1830 ஏப்ரல் 6 சட்டம்: அமெரிக்கக் குடியேற்றத்துக்குத் தடை, புதிய காவல் முகாம்கள். குடியேறிகளுக்கு இருந்த சுங்க விலக்கும் அந்தச் சமயத்தில்தான் முடிந்தது. சட்டம் போட்டதோடு சரி, எல்லையைக் காக்கப் போதிய ஆள் இல்லை. ஆட்கள் திருட்டு வழியில் வந்துகொண்டே இருந்தார்கள். சட்டத்தை மதித்தவனுக்கு எரிச்சல், மதிக்காதவனுக்கு லாபம்.

அனவாக் என்ற காவல் முகாமில் 1832-இல் நடந்த சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கம், நிலப்பட்டா எல்லாவற்றிலும் முகாம் அதிகாரி பிராட்பர்னோடு உரசல். லூயிசியானாவிலிருந்து தப்பி வந்த அடிமைகளை அவர் திருப்பித் தர மறுத்தார். உரிமையாளரின் வழக்கறிஞராகப் போய் வம்பு செய்த டிராவிஸைச் சிறையில் போட்டார். அவரை மீட்கக் கூட்டம் திரண்டது. சுங்கமும் அடிமை முறையும் அங்கே ஒரே முடிச்சில் கிடக்கின்றன; எதை மட்டும் தனியாக உருவுவீர்கள்?

வழிப்போக்கன்77:
டிராவிஸ் என்றால் பின்னால் அலமோ கோட்டைச் சண்டையில் செத்தவரா? நான் அவரை வெறும் படைவீரர் என்றே நினைத்திருந்தேன்.

எல்லைக்கோடு:
அவரேதான். அலமோவுக்குத் தளபதி ஆவதற்கு முன் வக்கீல்.

இன்னொன்று, 1834 வாக்கில் பல குறைகள் தீர்ந்துவிட்டன. குடியேற்றத் தடை நீங்கியது, ஜூரி விசாரணை வந்தது, ஆங்கிலம் ஏற்கப்பட்டது. கோவாவிலாவிலிருந்து பிரிந்து மெக்சிகோவுக்குள் தனி மாநிலம் ஆகும் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. அதைக் கேட்க மெக்சிகோ நகரத்துக்குப் போன ஆஸ்டின் பொறுமையிழந்து, அனுமதிக்குக் காத்திராமல் மாநில அரசு அமைக்கத் தயாராகுங்கள் என்று சான் அந்தோனியோவுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் அரசு கையில் சிக்கியது, 1834 ஜனவரியில் கைதானார். டெக்சாஸில் கோபக்காரர்களை அடக்கி வைக்கத் தெரிந்த ஒரே ஆளைத் தூக்கி உள்ளே வைத்தது, என்னைக் கேட்டால், மெக்சிகோ செய்த பெரிய முட்டாள்தனம். 1835-இல் திரும்பி வந்தவர் போரைத் தவிர வழியில்லை என்றார்.

தாமிரபரணிக்காரி:
அந்தச் சாது ஆஸ்டின்தான் 1833-இல், டெக்சாஸ் அடிமைகள் உள்ள நாடாகத்தான் இருந்தாக வேண்டும் என்று கடிதம் எழுதியவர். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி, வென்ற பிறகு எழுதிய 1836 அரசியலமைப்பை ஒருமுறை படியுங்கள். அடிமைகளை விடுவிக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது. அடிமையை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடாமல் அங்கேயே விடுதலை செய்ய உரிமையாளருக்கும் நாடாளுமன்ற அனுமதி வேண்டும். சுதந்திரமான கறுப்பர் நாடாளுமன்ற அனுமதியில்லாமல் நிரந்தரமாகத் தங்க முடியாது. அன்று ஏறத்தாழ 5,000 ஆக இருந்த அடிமைகள் 1860 கணக்கெடுப்பில் 1,82,000-க்கு மேல். சாந்தா அன்னாவுக்கு எதிரான கோபம் இப்படியா சட்டமாகும்?

ஹூஸ்டன்வாசி:
பிறகு நடந்ததை வைத்து முன்பிருந்த நோக்கத்தை அளக்கிறீர்கள். 1835 அக்டோபர் 2, டெக்சாஸின் கோன்சாலஸ் ஊர். கொமான்சேக்களை விரட்ட 1831-இல் அரசு கொடுத்த ஒரு சின்னப் பீரங்கி. அதைத் திருப்பி வாங்க மெக்சிகோ குதிரைப்படை வந்தது. "வந்து எடுத்துப் பார்" என்று கொடி பிடித்தார்கள், சுட்டார்கள். அதில் அடிமை விவகாரம் எங்கே? சகத்தேகாஸில் முதலில் குடிப்படையைக் குறைத்தார்கள், பிறகு அடித்தார்கள். அதே பயம்தான் இங்கேயும். அப்போதும் கேட்டது தனிநாடு அல்ல. குடியேறிகளின் பிரதிநிதிகள் கூடிய நவம்பர் கூட்டத்தில் 1824 அரசியலமைப்புக்காகவே ஆயுதம் எடுத்தோம் என்றுதான் அறிவித்தார்கள்.

எல்லைக்கோடு:
நவம்பரில் 1824-க்கு விசுவாசம், 1836 மார்ச் 2-இல் முழு விடுதலை. நாலே மாதம். இந்த இடைவெளியில்தான் கலகம் வேறு ஒன்றாக மாறியது. டிசம்பரில் சான் அந்தோனியோ டெக்சாஸ்காரர்கள் கையில் விழுந்ததும் பல குடியேறிகள் வீடு திரும்பினார்கள். மிஞ்சிய படையில் அமெரிக்காவிலிருந்து அப்போதுதான் வந்த தொண்டர்கள் நிறைய. மெக்சிகோவின் உள்நாட்டு அரசியலமைப்புச் சண்டைக்காக அவர்கள் ஏன் சாக வேண்டும்? கடன் வாங்க நியூ ஆர்லியன்ஸ் போன ஆஸ்டினும் விடுதலை அறிவித்தால்தான் பணம் பெயரும் என்று ஜனவரியில் நிலையை மாற்றிக்கொண்டார். மறுபக்கம் மெக்சிகோ, ஆயுதத்தோடு வரும் அந்நியரைக் கடற்கொள்ளையராக நடத்துவோம் என்றது. மார்ச் 6 அலமோ கோட்டை மெக்சிகோ படையிடம் விழுந்தது. மார்ச் 27 கோலியாடில் சரணடைந்த டெக்சாஸ் தரப்பினர் 340-க்கும் மேற்பட்டவர்களை மெக்சிகோ படை சுட்டுக் கொன்றது. சும்மா வீட்டில் இருந்தவனையும் அது எதிரியாக்கியது. ஏப்ரல் 21 டெக்சாஸ் வென்ற சான் ஹசிந்தோ சண்டை 18 நிமிடம். கொலை அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மெக்சிகோ தரப்பில் ஏறத்தாழ 630 சாவு, டெக்சாஸ் தரப்பில் 9.

தாமிரபரணிக்காரி:
அந்தக் களத்தில் தெஹானோ (மெக்சிகோ வழிவந்த டெக்சாஸ்காரர்) படைப்பிரிவை நடத்தியவர் ஹுவான் செகின். 1842-இல் அவரையே துரோகி என்று சொல்லி மெக்சிகோவுக்கு ஓட வைத்தார்கள். போரின்போது சும்மா இருக்கச் சொல்லி, செரோக்கி பழங்குடியினருக்கு நிலம் தருவதாக டெக்சாஸ் படைத் தலைவர் சாம் ஹூஸ்டன் 1836 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார். டெக்சாஸ் குடியரசின் செனட் அதை ஏற்கவில்லை. 1839-இல் படை அனுப்பி விரட்டினார்கள், அவர்களின் தலைவர் துவாலி கொல்லப்பட்டார். ஹூஸ்டன்வாசி, "அடுத்தது நாம்தான்" என்ற பயம் இவர்களுக்கும் இருந்திருக்கும் இல்லையா?

ஹூஸ்டன்வாசி:
செகினுக்கு நடந்தது அநியாயம், செரோக்கிகளுக்கு நடந்ததும் அநியாயம். அதற்காக சாந்தா அன்னா கூட்டாட்சியைக் கவிழ்த்தது நியாயமாகிவிடாது. அப்புறம், தன் எல்லை ரியோ கிராண்டே ஆறு வரை என்று டெக்சாஸ் அடம்பிடித்தது, 1845-இல் அமெரிக்காவோடு இணைப்பு, 1846 அமெரிக்க-மெக்சிகோ போர் இவையெல்லாம் வேறு கணக்கு.

எல்லைக்கோடு:
அதைத் தனி இழையாகப் போடுங்கள். நுயேசஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டேக்கும் நடுவில் இருந்த நிலம் யாருடையது என்பதில் எனக்கு உங்களோடு வேறு சண்டை பாக்கி இருக்கிறது.