ராதாபுரம் தொகுதி: சட்டமன்ற உறுப்பினரிடம் முதலில் எதைக் கேட்பது?

பணகுடிக்காரன் கேட்டது:

எங்கள் ஊர் நலச் சங்கத்தின் சார்பில் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். வைகாசி முதல் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்றை நம்பி, முப்பந்தலில் தொடங்கி எங்கள் தொகுதி நெடுகிலும் காற்றாலைகள் நிற்கின்றன. கூடங்குளம் அணுமின் நிலையமும் இங்கேதான் இருக்கிறது. இருந்தும் எங்கள் பிள்ளைகள் வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். சூரியசக்தித் தெருவிளக்கு, மின்கட்டணக் குறைப்பு, தொழிற்பேட்டை என்று மனுவில் பதினொரு கோரிக்கைகள் சேர்ந்துவிட்டன. தூய மின்சாரமும் உள்ளூர் வேலைவாய்ப்பும் சேர்ந்து வளர, ஒரு சட்டமன்ற உறுப்பினரால் உண்மையிலேயே செய்யக்கூடியது எது?

மின்வாரிய ஓய்வூதியர்:

மின்கட்டணக் குறைப்பை முதலில் நீக்கிவிடுங்கள். கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதன் பொது விசாரணையில் நீங்கள் பேசுவதைப் போலத்தான் உறுப்பினரும் பேச முடியும். தெருவிளக்குக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. அதற்குத் தனி மனு தேவையில்லை.

நான் முதலிடம் தருவது பழைய காற்றாலைகளை மாற்றி அமைக்கும் பணிக்கு. தமிழ்நாட்டில் 1986இல் 55 கிலோவாட் எந்திரங்களோடு இந்தத் தொழில் தொடங்கியது. 1990களில் வந்தவர்கள் காற்று வளமுள்ள இடங்களை எடுத்துக்கொண்டார்கள்; அங்கே 225, 250 கிலோவாட் எந்திரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்றைய எந்திரம் ஒன்றின் திறனோ 2,000 கிலோவாட்டுக்கு மேல். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், உயரமான கோபுரம் அதே நிலத்திலிருந்து பல மடங்கு மின்சாரம் தரும். ஆனால் நீண்ட இறகுகளுக்கு இடைவெளி வேண்டும். நிலமோ துண்டு துண்டாகப் பலர் பெயரில் கிடக்கிறது. துணைமின் நிலையங்களும் அந்தக் காலத்து அளவிலேயே இருக்கின்றன. 2024இல் மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. தொகுதியில் 20 ஆண்டைக் கடந்த எந்திரங்கள் எத்தனை, எந்தத் துணைமின் நிலையத்தில் இன்னும் எவ்வளவு மின்சாரத்தை ஏற்க இடமிருக்கிறது என்று, எரிசக்தித் துறைக்கான நிதி ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் விவாதிக்கும் மானியக் கோரிக்கையின்போது உறுப்பினர் கேட்டால், அமைச்சரின் பதில் அவைக்குறிப்பில் ஏறும். பிறகு அதைக் காட்டி யாரும் பேசலாம்.

ராஜபாளையம் நூற்பாலை:

ஐயா சொல்வது சரி, ஆனால் பாதிதான். எங்கள் ஆலைக்கென்று காற்றாலை வைத்திருக்கிறோம். ஆடியில் மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் சேமித்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ள முடிந்ததால்தான் நூற்பாலைகள் இதில் பணம் போட்டன. புதிய எந்திரத்துக்கும் அந்த வசதி பழையபடி கிடைக்குமா என்பது தெளிவாகாமல், ஓடுகிற எந்திரத்தை யார் கழற்றுவார்கள்? வாரியத்தின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. தேவை குறைந்த நள்ளிரவில் நாங்கள் கொடுப்பதை, விலை ஏறிய மாலை நேரத்தில் திருப்பிக் கேட்கிறோம். அதனால்தான் நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம் (மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) போன்ற சேமிப்பு வசதிகளும் காற்றாலைக்காரர்களின் கோரிக்கையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

வள்ளியூர் இறகுப் பணியாளர்:

வேலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஓடும் காற்றாலைக்கு ஆள் அதிகம் தேவையில்லை. நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு பல எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும். உற்பத்தியிலும் பழுதுபார்ப்பிலும்தான் வேலை இருக்கிறது. கங்கைகொண்டானில் டாடா பவர் நிறுவனத்தின் சூரிய மின்கலத் தொழிற்சாலை வந்த பிறகு, அதை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். கண்ணாடியிழை இறகில் விரிசலைச் சரிசெய்வதை நான் ஒப்பந்ததாரர்களோடு வெளிமாநிலங்களில் அலைந்துதான் கற்றேன். அதை இங்குள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு பாடமாக வைக்கச் சொல்லுங்கள். கடலில் காற்றாலை அமைக்க 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் 1,000 மெகாவாட்டில் பாதி தமிழ்நாட்டுக் கடலுக்கு. ஆட்கள் தயாராக இல்லாவிட்டால் அந்த வேலைக்கும் வெளியாட்களே வருவார்கள். இடிந்தகரை, உவரி மீனவர்களிடம் படகுப் பாதையையும் வலை விரிக்கும் இடங்களையும் முன்னதாகவே கேட்டறிவதும் உறுப்பினரின் பொறுப்புதான். கூடங்குளத்தில் பட்டதை இந்தக் கரை இன்னும் மறக்கவில்லை.

பணகுடிக்காரன்:

பதினொன்றை மூன்றாகக் குறைத்துவிட்டோம்: துணைமின் நிலையங்களின் விவரம், இறகுப் பணிப் பயிற்சி, மீனவர்களோடு முன்கூட்டிய பேச்சு. மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் சேமிக்கும் வசதி ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைக்க வேண்டியது என்பதால், அதைத் தனியாக எழுதுகிறோம். மனுவை எப்போது கொடுப்பது நல்லது?

மின்வாரிய ஓய்வூதியர்:

மானியக் கோரிக்கைத் தேதி அறிவிப்பதற்கு ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். துணைமின் நிலையங்களின் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதுங்கள். பெயர் மாறினால் வேறொரு நிலையத்தின் கணக்குதான் பதிலாக வரும்.