'டிஸப்பாயிண்ட்' எப்போது, 'லெட் டவுன்' எப்போது? கொஞ்சம் விளக்குங்களேன்

நண்பர்களே, ஆங்கிலத்தில் 'டிஸப்பாயிண்ட்' என்ற வினைச்சொல்லைப் பற்றி ஒரு உதவி வேண்டும். ஏமாற்றம் அடைந்தவரைச் சொல்ல 'டிஸப்பாயிண்டட்', ஏமாற்றம் தந்த விஷயத்தைச் சொல்ல 'டிஸப்பாயிண்டிங்', அதுவரை சரி. 'ஐ ஆம் டிஸப்பாயிண்டிங்' என்று எழுதிவிட்டால் ஏமாற்றம் தருகிற ஆளே நான்தான் என்று அர்த்தம் தலைகீழாகிவிடும் என்பதும் புரிகிறது. அப்புறம், இது மோசடி செய்து ஏமாற்றுவது இல்லை, அதற்கு 'சீட்' என்று தனிச்சொல்லே இருக்கிறது.

என் குழப்பம் வேறு. 'டிஸப்பாயிண்டட் வித் யூ', 'டிஸப்பாயிண்டட் இன் யூ' இரண்டையும் பார்க்கிறேன். இரண்டாவது இன்னும் கடுமையாக, செய்த காரியத்தை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது போலப் படுகிறது, சரிதானா? அதேபோல, செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் கைவிரித்தவரிடம் 'யூ லெட் மீ டவுன்' என்பதுதான் பொருத்தமா, இல்லை 'யூ டிஸப்பாயிண்டட் மீ' போதுமா? கூட வேலை செய்பவர் ஒருவருக்கு மெயில் எழுத வேண்டும், வருத்தம் தெரிய வேண்டும், ஆனால் உறவு முறியக் கூடாது. அகராதி அர்த்தம் வேண்டாம், நீங்களாக இருந்தால் எப்படி எழுதுவீர்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாலும் பெரிய உதவி.