நொய்யிலிருந்து மாவுச்சத்து: சாப்பாட்டுக்கா, கடைப் பைக்கா?

வெண்ணாற்றங்கரை (ஜூலை 28)

எங்கள் ஊர் ஆலைகளில் விழுகிற குருணையும் நொய்யும் கோழித்தீவனத்துக்கென்று லாரி லாரியாக வெளியூருக்குப் போகின்றன. குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால், 17 விழுக்காட்டு ஈரப்பதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்; களத்திலேயே முளைவிட்ட நெல்லை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீடு திரும்புவது நமக்குப் பழகிப்போன ஒன்று. அதே நேரத்தில், 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், கடைத்தெருவில் "சோளத்தில் செய்தது", "மரவள்ளியில் செய்தது" என்று அச்சடித்த பைகள் நுழைந்திருக்கின்றன.

அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்துதான். அப்படியிருக்க, சோற்றுக்குப் பேர்போன டெல்டா ஏன் அந்த நொய்யிலிருந்து மாவுச்சத்தை எடுத்து, நல்லதை உணவுத் தொழிலுக்கும் மட்டமானதைப் பைகளுக்கும் கொடுக்கக்கூடாது என்பதே என் கேள்வி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

புழுங்கல் ஆலை (ஜூலை 28)

ஐயாவின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நெல் அவித்தே பிழைக்கிற எனக்கு இந்தத் திட்டத்தின் முதல் வரியிலேயே இடிக்கிறது. நம் பக்கத்து ஆலைகளில் பெரும்பாலானவை புழுங்கல் ஆலைகள். நெல்லை ஊறப்போட்டு நீராவியில் அவிக்கும்போதே உள்ளே இருக்கும் மாவுச்சத்து மணிகள் வெந்து உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காயும்போது அப்படியே இறுகிவிடுகின்றன. புழுங்கலரிசி அரவையில் அதிகம் உடையாமல் வருவதற்கும், சோறு குழையாமல் நிற்பதற்கும் அந்த இறுக்கம்தான் காரணம். அந்த நொய்யை அரைத்துத் தண்ணீரில் தெளிய விட்டால், மரவள்ளி மாவு அடியில் படிவதுபோல் வெள்ளையாகப் படியும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மணி என்ற ஒன்றே அங்கே மிச்சமில்லை.

சரி, பச்சரிசி நொய் என்று வைத்துக்கொள்வோம். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, துருவி, கழுவி, சலித்துத் தெளிய விட்டால் மாவுச்சத்து வந்துவிடுகிறது. அதைத்தான் உருட்டி வறுத்து ஜவ்வரிசி ஆக்குகிறார்கள். அரிசி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. அதன் மணிகள் 3 முதல் 8 மைக்ரான் வரைதான் இருக்கும்; சுமார் 7 விழுக்காடு உள்ள புரதம் அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை விடுவிக்க நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, மீண்டும் மீண்டும் கழுவி, அமிலத்தால் சமப்படுத்த வேண்டும். இத்தனை செலவு செய்து எடுப்பதால்தான் அரிசி மாவுச்சத்து குழந்தை உணவு, முகப்பவுடர், கொழுப்பு குறைந்த கிரீம் என்று நல்ல விலை கிடைக்கிற இடங்களுக்குப் போகிறது. அதைக் கொண்டு காய்கறிப் பை செய்வது பட்டு நூலில் சாக்குத் தைப்பதற்குச் சமம். அந்தக் கழுவு நீரை எந்த வாய்க்காலில் விடுவது என்பதையும் ஐயா சொல்லவில்லை.

கும்பகோணம் சாப்பாட்டுக்கடை (ஜூலை 29)

ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. பார்சல் கட்டுவது தெரியும். தடை வந்த புதிதில் ஒரு விற்பனையாளர் மரவள்ளிப் பை என்று கொண்டுவந்து, அதில் ஒரு துண்டைக் கத்தரித்து, என் கடைக் காபி டம்ளரில் வெந்நீர் ஊற்றிப் போட்டுக் கலக்கினார். துண்டு கரைந்து காணாமல் போயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நானும் 2 கட்டு வாங்கினேன்.

மறுநாள் மதியம் சாம்பாரை அதில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரத்துக்குள் ஒரு வாடிக்கையாளர் திரும்பி வந்தார். பையின் அடிப்பக்கம் வெண்டைக்காய்க் கொழகொழப்பாகி, அவருடைய வேட்டியில் பருப்பு வழிந்திருந்தது. வெந்நீரில் கரையும் என்று காட்டிவிட்டு அதிலேயே கொதிக்கிற சாம்பாரை ஊற்றச் சொன்னவரைக் குறை சொல்வதா, கண்ணால் பார்த்தும் வாங்கிய என்னைச் சொல்வதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு வேறொருவரிடம் வாங்கிய பை சாம்பாரைத் தாங்கிற்று. ஆனால் அது வெந்நீரில் கரையவே இல்லை. இரண்டுமே மாவுச்சத்துப் பை என்றுதான் விற்றார்கள். எது உண்மை?

தஞ்சை உணவுப்பொறியியல் (ஜூலை 29)

கும்பகோணம் அண்ணன் கேட்டதற்கு என் படிப்புக்கு எட்டியவரை சொல்கிறேன்.

வெறும் மாவுச்சத்தைச் சூடாக்கினால் பிளாஸ்டிக் போல இளகாது, கருகத்தான் செய்யும். அதனோடு நீரும் கிளிசரினும் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் பிசைந்தால் அது இளகித் தகடாகிறது. ஆனால் மாவுச்சத்துக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. மழைக்காலக் காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். கோடையில் காய்ந்து நொறுங்கும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் பிபிஏடி போன்ற பாலியெஸ்டரைக் கலக்கிறார்கள். அது பெட்ரோலிய மூலத்திலிருந்து வருவது. இருந்தும் நுண்ணுயிர்களால் சிதைக்கப்படக்கூடியது. எனவே உங்கள் சாம்பாரைத் தாங்கிய இரண்டாவது பையில் இப்படிப்பட்ட பாலியெஸ்டர் கணிசமாக இருந்திருக்க வேண்டும். கரைந்துபோன முதல் பை மாவுச்சத்து மிகுந்ததாகவோ, தண்ணீரில் கரையும் வேறு பொருளால் ஆனதாகவோ இருக்கலாம். கரைவது வேறு, மட்குவது வேறு. கரைந்த பொருள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே இருக்கக்கூடும். மட்கியது என்றால் நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் தங்கள் உடலாகவும் மாற்றிவிட்டன என்று பொருள். சர்க்கரை தண்ணீரில் கரைந்துவிட்டது என்பதற்காக அது இல்லாமல் போய்விட்டது என்று நாம் சொல்வதில்லையே.

உணவிலும் இதே குணங்கள்தான் வேலை செய்கின்றன என்பதால் இரண்டையும் பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரவு வடித்த சோறு காலையில் விறைத்துப் போகிறதே, அது மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் என்ற நீண்ட இழைகள் வெந்து விரிந்து, ஆறும்போது மறுபடி அடுக்கிக்கொள்வதால் நிகழ்கிறது. பழையசோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கூடுவதற்கும் அதுவே காரணம். மாவுச்சத்துத் தகடு நாளாக ஆக முறுமுறுவென்று உடைவதற்கும் அதுவே காரணம். தக்காளி சாஸ் புட்டியில் 1422 என்று ஓர் எண் இருக்கும். அது குறுக்குப் பிணைப்பு போட்ட, அதாவது இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்ட மாவுச்சத்து. புளிப்பிலும் கொதியிலும் ஆலையின் கலக்கலிலும் நீர்த்துவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். வீட்டுச் சூப்பில் போடும் சோளமாவு அவ்வளவு நேரம் தாங்காது; நெடுநேரம் கொதித்தால் நீர்த்துவிடும்.

ஆகவே வெண்ணாற்றங்கரை ஐயாவின் யோசனையை ஒரேயடியாகத் தள்ள நான் தயாரில்லை. 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காகத் தொடங்கப்பட்ட மையம்தான் பின்னர் தஞ்சாவூருக்கு வந்து, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அந்த அறிவு பக்கத்திலேயே இருக்கும்போது நொய்யைத் தீவனத்துக்கு மட்டும் அனுப்புவானேன்?

மன்னார்குடி உழவர் (ஜூலை 30)

படித்தவர்கள் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை. பையின் தேவையே எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தூக்குவாளி எடுத்துப் போய்தான் கிளப்புக் கடையில் சாம்பார் வாங்குவோம். திருவையாற்று வாழை இலையும், அதன் சருகில் தைத்த தொன்னையும், பூக்கட்டும் வாழை நாரும் எந்த ஆலையும் இல்லாமல் காவிரிக்கரையில் விளைந்தவை. இவற்றை மாடு தின்னும். மாடு விட்டதை மண் தின்னும். அரிசியை அரைத்து, காரத்தில் ஊறவைத்து, பெட்ரோலியத்தில் வந்த பொருளைக் கலந்து பை செய்து, அதற்கு இயற்கை என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

இன்னொன்று. நொய் யாருடைய உணவு என்று நினைத்துப் பாருங்கள். காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் நொய்க்கஞ்சிதான். பைக்காரர்கள் போட்டி போட ஆரம்பித்தால் அதன் விலை எங்கே போகும்? ஒன்றிய அரசு 2022 செப்டம்பரில் நொய்யரிசி ஏற்றுமதியையே தடை செய்ததற்கு உள்நாட்டுத் தட்டுப்பாடும் தீவன விலையும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. இன்று மிச்சமாகக் கிடப்பது நாளைக்கு மிச்சமாக இருக்காது.

வெண்ணாற்றங்கரை (ஜூலை 30)

மன்னார்குடி நண்பருக்கு: வாழை இலையை நான் மறுக்கவில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்த பிறகு நம் பக்கத்தில் இலை என்ன விலைக்குப் போயிற்று, முகூர்த்த நாளில் ஒரு நுனி இலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இலையில் ரசம் கட்டிக் கொடுக்க முடியாது. தூக்குவாளியோடு வருபவரைவிட வெறுங்கையோடு பேருந்தை விட்டு இறங்கி வருபவர்தான் இன்று அதிகம்.

ஆலைக்காரரின் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன்; புழுங்கல் நொய்யை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஆனால் முளைவிட்டு நிறம் மாறிய நெல் இருக்கிறதே, அது சாப்பாட்டுக்கும் ஆகாது. அதைப் பைக்குக் கொடுத்தால் யார் வயிற்றில் அடிப்பதாகும்?

புழுங்கல் ஆலை (ஜூலை 31)

முளைவிட்ட நெல்லை நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன். முளைக்கும்போது விதை தன் மாவுச்சத்தைத் தானே வெட்டிச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிடுகிறது. முளைகட்டிய தானிய மாவில் காய்ச்சும் குழந்தைக் கஞ்சி ஏன் நீர்த்து ஓடுகிறது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வெட்டுப்பட்ட மாவுச்சத்தில் தகடும் வராது, பசையும் நிற்காது. பூஞ்சை பிடித்திருந்தால் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் பயமும் உண்டு; அதைத் தீவனத்துக்குக் கொடுப்பதே தவறு.

முளைக்காமல் நிறம் மட்டும் பழுத்த பச்சரிசி நொய் என்றால், பையை விட்டுவிட்டு வேறொன்றை யோசிக்கலாம். சிப்பம் கட்டும் தொழிலில் மாவுச்சத்து நெடுங்காலமாக, பெரிய அளவில் போகும் இடம் அட்டைப்பெட்டி. நெளிவுத் தாளையும் தட்டைத் தாளையும் ஒட்டுவது மாவுச்சத்துப் பசைதான். பெரும்பாலும் மக்காச்சோளத்தில் எடுத்தது. பசைக்குத் தூய வெள்ளை மாவுச்சத்து வேண்டியதில்லை. புரதத்தை உரிக்கும் வேலையும் அவ்வளவாக இராது. திருபுவனத்திலும் கும்பகோணத்திலும் நெசவுப் பாவுக்குக் கஞ்சி போட்ட கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசி மாவு சோளத்தோடு விலையில் மோத முடியுமா என்பதுதான் கேள்வி. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

தஞ்சை உணவுப்பொறியியல் (ஜூலை 31)

பசை யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கழுவு நீர் பற்றி ஒன்று: சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீரைக் காற்றில்லாத தொட்டியில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கிறார்கள். கார நீரைச் சமப்படுத்திய பிறகு இங்கும் அது முடியும். ஆனால் அந்தத் தொட்டியின் செலவையும் திட்டத்தில் எழுதியாக வேண்டும்.

பையை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 என்ற தர விதியில், 58 டிகிரி வெப்பத்தில் 180 நாளுக்குள் கார்பனில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது கணக்கு. அப்படிப்பட்ட பையை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். ஆனால் 58 டிகிரி என்பது பெரிய உரக்கிடங்கில் குவியலின் நடுவே நிலவும் சூடு. வீட்டு எருக்குழியில் அது நிலைக்காது. குடமுருட்டி வாய்க்காலில் மிதக்கும் பைக்கு அது கனவிலும் கிடைக்காது.

கும்பகோணம் சாப்பாட்டுக்கடை (ஆகஸ்ட் 3)

பெருக்கு அன்று கடைக்கு விடுமுறை. சாம்பாரைத் தாங்கிய பையில் ஒன்றையும், ஒரு வாழை இலையையும், செய்தித்தாள் ஒரு தாளையும் கொல்லை எருக்குழியில் ஒரு முழ ஆழத்தில் போட்டு, மேலே சாணம் கொட்டி மூடியிருக்கிறேன். தை மாதம் தோண்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

கும்பகோணம் சாப்பாட்டுக்கடை (ஜனவரி 18)

நேற்று குழியைத் தோண்டினோம். இலை போன இடம் தெரியவில்லை. செய்தித்தாளும் இல்லை. பை உள்ளங்கை அகலத் துண்டுகளாகக் கிழிந்து கிடக்கிறது. தொட்டால் பழைய பை போல இழுபடவில்லை, மடித்தால் ஒடிகிறது. கைப்பிடி மட்டும் முழுதாக இருக்கிறது. மன்னார்குடிக்காரர் படம் கேட்பார் என்பதால் எடுத்து வைத்திருக்கிறேன்.

மன்னார்குடி உழவர் (ஜனவரி 18)

படம் வேண்டாம். அந்த எருவை வயலுக்கு அடிக்கப் போகிறீர்களா, இல்லையா?

தஞ்சை உணவுப்பொறியியல் (ஜனவரி 19)

அண்ணே, இப்போதைக்கு அடிக்க வேண்டாம். துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள். அதே கட்டில் மீதிப் பை இருந்தால் ஒன்றை மடிக்காமல் கொடுத்துவிடுங்கள். போட்டபோது இருந்த எடைக்கும் இப்போது மிஞ்சிய எடைக்கும் உள்ள வித்தியாசத்தை அதை வைத்துத்தான் ஓரளவு கணக்கிட முடியும். ஒரு துண்டில் டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டும் பாருங்கள். புதுப் பை கருநீலமாகி, குழியில் கிடந்த துண்டு பழுப்பாகவே நின்றால், மாவுச்சத்தை மண் தின்றுவிட்டது, மற்றது மிச்சம் கிடக்கிறது என்று கொள்ளலாம். சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.