வெட்பாலை எண்ணெய் ஏன் ஊதாவாகவில்லை?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். அம்மாவின் முழங்கையில் காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்). தோல் மருத்துவர் தந்த களிம்பைத் தொடர்கிறோம். வறட்சிக்கு வெட்பாலைத் தைலமும் பூசலாம் என்று அவரே சொன்னார். இலையைக் கையால் கிள்ளி, செக்குத் தேங்காய் எண்ணெயில் போட்டு, ஐந்து நாட்கள் மொட்டைமாடியில் வைத்தேன். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? எண்ணெய் ஊதாவுக்கு வராமல் பச்சையாகவே நிற்கிறது. அடியில் நீர் முத்துக்கள், புளித்த வாடை. கழுவிய இலையை ஈரத்தோடு போட்டது என் அவசரம்தான். இதை அம்மாவுக்குப் பூச மனமில்லை, கொட்டிவிடுகிறேன்.

அடுத்த முறை இலையை நிழலில் எவ்வளவு நேரம் உலர்த்தலாம்? மழை நாளில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றினால் நிறம் இறங்குமா? அல்லது நான் பறித்ததே வெட்பாலையைப் போலவே தோன்றும் குடசப்பாலை மரத்தின் இலையோ? இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மரத்தை ஏற்கெனவே பாதி மொட்டையாக்கிவிட்டேன்.