பிளேட்லெட் பையில் திரள் கரையவில்லை, ஏன்?

கேள்வி: 350 மில்லி ரத்தப் பையிலிருந்து பிரித்த பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்), அஜிடேட்டரில் (பையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி) வைத்த மறுநாளும் வெள்ளை வெள்ளையாகத் திரண்டே கிடக்கிறது. வெப்பநிலை 22 டிகிரிதான். எங்கே தப்பு?

பதில் 1: சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றி ரத்தக் கூறுகளைப் பிரிக்கும் கருவி) இரண்டாவது சுழற்சி முடிந்த உடனேயே அஜிடேட்டரில் போடுகிறீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். லேபிள் பக்கம் கீழே இருக்கும்படி, அசைக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். பிளேட்லெட்டோடு விடும் பிளாஸ்மாவும் (ரத்தத்தின் திரவப் பகுதி) 50 மில்லிக்குக் குறைய வேண்டாம், குறைந்தால் பி.எச். இறங்கும், அதாவது அமிலத்தன்மை கூடும்.

பதில் 2: ரத்தம் எடுக்கும்போதே கவனியுங்கள் சார். ஓட்டம் தடைபட்டு 12 நிமிடத்தைத் தாண்டினால் பைக்குள் உறைதல் தொடங்கியிருக்கும். அதில் பிளேட்லெட் பிரிக்காதீர்கள். பிரிக்கும்வரை ஃபிரிட்ஜில் வைப்பதும் கூடாது.

பதில் 3: வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். பட்டுத்துணி மினுங்குவதுபோல் சுழல் தெரிந்தால் நல்லது. திரள் கரையாத பையை வார்டுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.